முந்திரி ஆலையில் பிரிவு வாரியாகச் செலவுக் கணக்கு

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டியாபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், மாதக் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "இந்த மாசம் கூலி எவ்வளவு போச்சு?" மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு எந்தப் பிரிவில் காசு கசிகிறது என்று சொல்ல முடியாது.

அவிப்பு, உடைப்பு, போர்மா (பருப்பைச் சூட்டில் உலர்த்தும் அறை), தோலுரிப்பு, தரம்பிரிப்பு, பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போடுங்கள். அந்தப் பிரிவு சூப்பர்வைசர் கையில் இருக்கும் செலவு மட்டும் அதில் ஏறட்டும்: கூலி, விறகு, கரண்ட், கத்தி, கையுறை. தூத்துக்குடியில் இறங்கும் பச்சைக்கொட்டையின் விலை ஏற்ற இறக்கமும் பேங்க் வட்டியும் ஆபீஸ் கணக்கு. அவற்றையும் பிரிவுகளுக்குப் பங்கு வைத்தால், தன் செலவைக் குறைத்தும் பயனில்லை என்று சூப்பர்வைசர் கைவிட்டுவிடுவார். கரண்டுக்கு ஊகம் வேண்டாம். போர்மாவுக்கு ஒரு சப்-மீட்டர் மாட்டுங்கள்.

பிறகு, மாறாத செலவையும் கிலோ கணக்கில் மாறும் செலவையும் பிரியுங்கள். உதாரணத்துக்கு, தோலுரிப்பில் மாதச் சம்பளம் முதலியவை 60,000 ரூபாய், மற்றவை கிலோவுக்கு 12 ரூபாய் என்று வையுங்கள். 20,000 கிலோவுக்குத் திட்டம் 3,00,000. ஆனால் வந்த பருப்பு 16,000 கிலோ, செலவு 2,70,000. முப்பதாயிரம் மிச்சம் போலத் தெரியும். 16,000 கிலோவுக்கு ஆகவேண்டியதோ 2,52,000தான். உண்மையில் 18,000 கூடுதல்.

இதைவிடப் பெரிய ஓட்டை உடைசல். அதே 16,000 கிலோவில் முழுப்பருப்பு 2 சதவீதம் குறைந்தால் 320 கிலோ துண்டாகப் போகிறது. விலை வித்தியாசம் கிலோவுக்கு 150 என்றால் 48,000 ரூபாய். கூலியைக் கிலோ கணக்கில் மட்டும் கொடுத்தால் வேகம் கூடும், உடைசலும் கூடும். முழுப்பருப்புக்குத் தனி ரேட் வையுங்கள்.

பழியை யார்மேல் போடுவது என்பதில்தான் சண்டை வரும். போர்மாவில் சூடு போதாவிட்டால் தோல் ஒட்டும், கத்தியால் சுரண்டும்போது பருப்பு கீறும். அதிகம் காய்ந்தால் பிளக்கும். இரண்டுமே தோலுரிப்புக் கணக்கில்தான் விழும். அதனால் ஒரு பிரிவு அடுத்ததிடம் ஒப்படைக்கும்போதே பல தட்டுகளிலிருந்து ஒரு கிலோ எடுத்து, முழுசும் உடைசலும் தனித்தனியே எடைபோட்டு, இரு சூப்பர்வைசர்களும் சீட்டில் கையெழுத்திடட்டும்.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. மழை மாதத்துக்கு விறகு அளவைத் தனியாக நிர்ணயிக்காவிட்டால் போர்மா எப்போதும் குற்றவாளியாகவே நிற்கும்.

போனஸை, குறைந்தபட்சம் 8.33 சதவீதமாவது, இ.எஸ்.ஐ., பி.எஃப். பங்கோடு சேர்த்து மாதாமாதம் கூலியின்மேல் ஏற்றிவிடுங்கள். பண்டிகை மாதத்தில் மொத்தமாக எழுதினால், மற்ற மாதங்களில் பார்த்த கிலோ அடக்கவிலையெல்லாம் பொய். அதை நம்பி விலை பேசிய சரக்கும் போயிருக்கும்.