இணையவழி மனச்சோர்வு சிகிச்சையில் நாம் செய்யும் தவறுகள்

என் அக்கா தன் முதல் இணையவழி அமர்வை வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு பேசி முடித்தார். சிறிய வீடு, கூடத்தில் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் பரவாயில்லை மேடம்" என்று பேச்சை மாற்றினார். முக்கால் மணி நேரம் முடிந்தபோது, சொல்ல நினைத்திருந்தவற்றில் ஒன்றையும் அவர் சொல்லியிருக்கவில்லை. தனக்கு இதெல்லாம் சரிப்படாது என்று அடுத்த அமர்வை ரத்து செய்துவிட்டார். தடையாக இருந்தது அந்த மாடிப்படிதான் என்பது ஒரு மாதம் கழித்தே எங்களுக்குப் புரிந்தது.

லேசான, நடுத்தர அளவிலான மனச்சோர்வுக்குக் காணொலி வழியாகப் பெறும் பேச்சு சிகிச்சை, நேரில் பெறுவதற்கு ஏறத்தாழ இணையான பலனைத் தருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மருத்துவமனையில் கதவைச் சாத்தித் தருவதற்கு ஆள் இருக்கிறார். வீட்டில் அந்தக் கதவை நாமேதான் சாத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தி வைத்த கார், அலுவலகத்தில் காலியாக இருக்கும் ஓர் அறை, நம்பிக்கையான தோழியின் வீடு என எதுவாக இருந்தாலும் அமர்வுக்கு முன்பே இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். வேறு வழியில்லாத நாளில், "பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள், ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்கிறேன்" என்று தொடக்கத்திலேயே எழுதி அனுப்பிவிடலாம்.

அடுத்த தவறு, திரையின் மறுபக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்காமலேயே பணத்தைக் கட்டிவிடுவது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன் பிறகு மனநல மருத்துவத்தில் பட்டமோ பட்டயமோ பெற்றவர். மருந்து எழுதித் தர முடிந்தவர் இவர்தான். மருத்துவ உளவியலாளர் பேச்சு சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டியவர். ஆலோசகர் என்ற பெயரிலோ, முறையாகப் பயின்று பல ஆண்டுகள் பணியாற்றியவரும் இருக்கிறார், சில வாரப் பயிற்சியோடு வந்தவரும் இருக்கிறார். 2020 மார்ச்சில் வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, மருத்துவர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டும். ஆகவே பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடாது. கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் நம் வாழ்க்கையின் மிகப் பலவீனமான பகுதியை ஒப்படைக்க வேண்டியதும் இல்லை.

மொழியையும் பலர் யோசிப்பதில்லை. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர்கூட, "நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு", "எல்லாம் வெறுத்துப்போச்சு" என்று தமிழில்தான் உடைந்து அழுகிறார். அதை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொல்லும் அந்த நொடியிலேயே வலியின் பாதி நழுவிவிடுகிறது. தமிழ் பேசும் சிகிச்சையாளர் வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் அரசு சேவையில், 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பணம் கட்ட வழியில்லை என்பதால் மட்டும் யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு மறைப்பதுதான். முதல் அமர்வுக்கு முன்பு பல இடங்களில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தருகிறார்கள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம் எப்படி இருந்தன என்று கேட்கும் அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பதாகும். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் அங்கே "இல்லை" என்று குறித்துவிடுகிறார்கள். அப்படியோர் எண்ணம் இருந்ததைச் சொன்ன மாத்திரத்தில் யாரையும் மருத்துவமனையில் அடைத்துவிடுவதில்லை. அந்த எண்ணம் எவ்வளவு தீவிரமானது, தனியே இருப்பது பாதுகாப்பா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பதிலை வைத்தே சிகிச்சையின் வேகம் முடிவாகிறது. தைராய்டு குறைபாடு, மதுப் பழக்கம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிற மாத்திரைகள் ஆகியவற்றையும் சொல்லிவிட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே அசதியும் ஆர்வமின்மையும் வரும், அதைத் திரை வழியாகக் கண்டுபிடிக்க முடியாது, இரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

மருந்தைப் பொறுத்தவரை இரண்டு தவறுகள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குமட்டல் போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். அந்த இடைவெளியில் நிறுத்துவது ஒரு தவறு. நன்றாகத் தூக்கம் வந்து, சிரிப்பும் திரும்பியதும் "இனி எதற்கு மாத்திரை" என்று தானாக நிறுத்துவது மற்றொன்று. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே வழக்கம்.

செயலி கேட்கும் அனுமதிகளையும் படித்துப் பாருங்கள். பயனாளர்களின் உடல்நல விவரங்களை விளம்பரத்துக்காகப் பிற நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியதைத் தொடர்ந்து, இணையவழி மனநல ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

நெருக்கடியான நேரத்திலும் அடுத்த வார அமர்வுக்காகக் காத்திருப்பது கூடாது. சிகிச்சையாளர் பெங்களூரில் இருக்கலாம். நீங்கள் தேனியில் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. முகவரியையும், அவசரத்துக்கு அழைக்கக்கூடிய ஒருவரின் எண்ணையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு செல்லுங்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.

வீட்டாரும் ஒரு தவறைச் செய்கிறோம், நானும் செய்தேன். அமர்வு முடிந்து வருபவரிடம் "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டுவிடுகிறோம். அக்கா மீண்டும் தொடங்கியபோது நாங்கள் அதைக் கேட்கவில்லை. வியாழக்கிழமை மாலைகளில் அம்மா பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றுவிடுவார். அக்கா படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பேசுவார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், நாங்கள் கேட்காமலேயே, அவராகவே வந்து சமையலறையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்.