மாந்தோப்பில் வாரம் ஒரு சுற்று: எங்கே பார்ப்பது, எதை எண்ணுவது

பக்கத்துத் தோப்பில் மருந்து அடிக்கிற சத்தம் கேட்டதும் நாமும் டேங்கைத் தூக்கினால் மாவில் காசுதான் கரையும். எந்தத் தோப்பிலும் நாலு பூச்சி இருக்கத்தான் செய்யும். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

10 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு 40 மரம் வரும். அதில் 5 மரம் பார்த்தால் போதும்: மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. வரப்போர மரத்தை விட்டு ஒரு வரிசை உள்ளே தள்ளி எடுங்கள். காற்றும் வெயிலும் படும் ஓர மரத்தில், பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி குறைவாகத்தான் தெரியும். கவாத்து செய்யாமல் கிளை பின்னிக் கிடக்கும் மரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பூச்சி முதலில் கூடுவது அங்கேதான். கையில் 10 மடங்கு லென்ஸ், கண்ணாடி போன்ற பாலிதீன் பை, வெள்ளைத் தாள், கத்தி, நோட்டு இருக்கட்டும். சாதாரண நாளில் வாரம் ஒரு முறை, பூக்கும் காலத்தில் இரு முறை சுற்றுங்கள்.

பூக்கும் காலம்தான் கண் கொட்டாமல் பார்க்க வேண்டிய காலம். பனி விலகாத காலையில் போங்கள். குளிரில் தத்துப்பூச்சி மந்தமாக இருக்கும். பூங்கொத்தைத் தொடாமல் பையைச் சட்டென்று மாட்டி, காம்பில் வாயை இறுக்கிப் பிடித்து நாலு தட்டுத் தட்டுங்கள். பைக்குள் ஆப்பு வடிவத்தில் பழுப்பாகத் துள்ளுவது வளர்ந்த பூச்சி. வெளிர்பச்சையாக, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுவது குஞ்சு. இரண்டையும் எண்ணுங்கள். மரத்துக்கு நாலு திசையிலும் ஒரு கொத்து வீதம் 5 மரத்தில் 20 கொத்து. மொத்தத்தை 20 ஆல் வகுங்கள். கொத்துக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து, குறைந்தால் அடுத்த சுற்று வரை பொறுக்கலாம். பூ முழுக்க விரிந்திருக்கும்போது மட்டும் பூச்சிமருந்து வேண்டாம். மாவுக்கு மகரந்தம் சேர்ப்பதே ஈயும் தேனீயும்தான். அவை செத்தால் பிஞ்சு எங்கிருந்து வரும்?

எண்ணும்போதே இலையையும் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று மினுங்கினால் பூச்சியின் கழிவு. அதன்மேல் வளர்வதுதான் கரும்பூசணம். ஈரத்துணியால் துடைத்தால் கரும்பூசணம் வந்துவிடும். பறவைக்கண் என்கிற பூஞ்சை நோயின் கரும்புள்ளி போகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பூஞ்சைமருந்து வாங்குகிறவர்கள் நிறைய. மூலகாரணமான தத்துப்பூச்சி அப்படியே இருக்கும்.

பூங்கொத்தில் மாவு தூவினாற்போல் வெண்மை தெரிந்தால் சாம்பல் நோய். பனியும் மூட்டமும் சேரும் நாட்களில் வேகமாகப் பரவும், பூ கொட்டிவிடும். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். கடும் வெயிலில் அடித்தாலோ எண்ணெய் மருந்தோடு கலந்தாலோ இலை கருகும்.

கொழுந்தில் சாறு உறிஞ்சும் நுண்பூச்சியான இலைப்பேன் இருக்கிறதா என்று பார்க்க, கொழுந்தை வெள்ளைத் தாள்மேல் தட்டினால் போதும். நூல்துண்டு போல ஊர்வது தெரியும்.

காய் முற்றுவதற்கு முன்பே பழ ஈப் பொறியைக் கட்டிவிடுங்கள். ஈயை இழுக்கும் மீதைல் யூஜினாலும், அதைக் கொல்லும் மாலத்தியான் பூச்சிமருந்தும் சம அளவு கலந்த கலவை, பொறிக்கு 10 மில்லி. எக்டருக்கு 25 பொறி, அதாவது ஏக்கருக்கு 10. தலை உயரத்தில், நிழலான கிளையில் தொங்கவிடுங்கள். தொங்கும் கம்பியில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். தடவாவிட்டால் செத்த ஈக்களை எறும்பு தூக்கிப்போய்விடும், நோட்டில் ‘ஈ குறைந்தது’ என்று எழுதி ஏமாறுவோம். இதில் விழுவது ஆண் ஈ மட்டும். காயைக் குத்துவது பெண் ஈ. ஆகவே பொறி எண்ணிக்கை ஏறினால் காயில் குத்தின தழும்பைத் தேடுங்கள், உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். உதிர்ந்ததில் பத்துக் காயை வெட்டிக் கொட்டையையும் பிளந்து பாருங்கள். கொட்டை வண்டு வெளித்தோலில் அடையாளமே காட்டாது.

கடைசியாகத் தூர். பட்டையில் துளையும் கீழே மரத்தூளும் தெரிந்தால் தண்டு துளைப்பான். தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூன்றாம் நாள் வந்து பாருங்கள். புதுத்தூள் ஈரமாகத் தள்ளியிருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. நுனி வளைத்த சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தி இழுங்கள். தூள் வரவில்லை என்றால் அது பழைய துளை, களிமண்ணால் அடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகலாம்.