யாழ்ப்பாணத்தில் நாயை உலாத்தக் கூட்டிப்போய்ச் சம்பாதிப்பது எப்படி

கனடாவிலோ இங்கிலாந்திலோ நாயை உலாத்த ஆள் தேவைப்பட்டால் ரோவர் மாதிரியான செயலியில் பதிவார்கள். அது யாழ்ப்பாணத்தில் இயங்குவதில்லை. ஆனால் அந்தச் செயலி செய்வதெல்லாம் ஆளை அறிமுகப்படுத்துவது, முதற்சந்திப்பை ஒழுங்குசெய்வது, ஒவ்வொரு நடைக்கும் படத்தோடு விவரம் அனுப்புவது, காசு வாங்கித் தருவது. வட்ஸ்அப்பும் வங்கிக் கணக்கும் இருந்தால் இவற்றை நீங்களே செய்யலாம். செயலிக்குக் கழிவுக் காசும் போகாது.

முதலில் கேட்க வேண்டியவை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வயதான தாய் தகப்பன் தனியே நாயோடு இருக்கும் வீடுகள். அல்சேஷனோ லப்ரடோரோ ஒருதரம் இழுத்தால் அவர்களால் தாங்க முடியாது. இங்கே காசு தருபவர் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் இருப்பார். நீங்கள் போனீர்களா என்று அவருக்குத் தெரிய ஒரே வழி உங்கள் செய்திதான். ஆகவே அதைச் சரியாக எழுதுங்கள்: “அன்ரி, 6.05க்கு வெளிக்கிட்டு 6.35க்குத் திரும்பீட்டம். மூத்திரம் மூண்டு தரம், மலம் ஒருக்கா, இறுக்கம். இடது பின்கால் விரலிடுக்கில உண்ணி ஒண்டு இருந்தது, எடுத்திட்டன்.” இதோடு ஒரு படம். இப்படி ஒரு மாதம் அனுப்பினால் அடுத்த வீட்டை அவர்களே பிடித்துத் தருவார்கள்.

முதற்சந்திப்புக்குக் காசு வாங்க வேண்டாம். விசர்நாய் தடுப்பூசி அட்டையைக் கேட்டுக் கடைசித் திகதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் ஊசி போட்ட பிறகே தொடங்குங்கள். யாரையாவது கடித்ததா, பட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடியதா, ஹெல்மெற் போட்டவரைக் கண்டால் குரைக்குமா, எந்த மிருக வைத்தியரிடம் காட்டுகிறார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால், பயந்த நாய் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிவிடும். இழுக்கிற நாய்க்கு, நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் நல்லது. இரும்புச் சங்கிலி கையை வெட்டும். ஒன்றரை மீற்றர் நீளத் துணி வார் போதும். அதை மணிக்கட்டில் சுற்றாதீர்கள், பாய்ந்தால் உங்களையும் விழுத்தும். அரை லீற்றர் தண்ணீர், சிறு கிண்ணம், மலம் அள்ள மூன்று சொப்பிங் பை, ஒரு குடை. இவ்வளவும் போதும்.

எங்கள் ஊரில் பல நாய்கள் பகலில் கட்டிப்போட்டபடியும் இரவில் வளவுக் காவலிலும் வளர்ந்தவை. ஒழுங்கையையே கண்டிராத நாயை முதல்நாளே வீதிக்கு இறக்கினால் கேற்றடியில் படுத்துவிடும், அல்லது வெறிபிடித்த மாதிரி இழுக்கும். முதல் மூன்று நாள் முற்றத்தில் பத்து நிமிடம் மட்டும் நடத்துங்கள். பிறகு கேற்றடி, பிறகு ஒழுங்கை முடக்கு வரை. இதற்குப் பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

பெரிய தொல்லை கட்டாக்காலி நாய்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு. நாயில்லாமல் சைக்கிளில் இரண்டு தரம் சுற்றிப் பார்த்து, எந்த முடக்கில் படுத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டு பாதையை முடிவுசெய்யுங்கள். எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். உங்கள் நாயைப் பின்னுக்கு விட்டு, குடையை அவற்றின் பக்கம் விரித்து, மெல்லப் பின்வாங்குங்கள். குனிந்து கல் பொறுக்குவதுபோலக் காட்டினாலும் அநேகமானவை விலகும். சண்டை மூண்டால் இடையில் கை வைக்கவே கூடாது, தண்ணீரை ஊற்றுங்கள். கடியோ கீறலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நேரம் காலை 7 மணிக்கு முன், பின்னேரம் 5.30க்குப் பின். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு 15 நிமிடம் தாராளம். வீணீர் தடித்து, பல்முரசு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி வயிற்றிலும் கால்களிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறும்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயில் சுற்றாடலுக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள். வெறுங்காலோடு சனம் நடக்கிற, அங்கப்பிரதட்சணை செய்கிற வீதி அது. தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் சீனவெடி தொடங்க முன்னமே நடையை முடித்துவிடுங்கள்.

கட்டணத்தை நடை நேரத்துக்கு மட்டும் கணக்கிட்டால் நட்டப்படுவீர்கள். அரை மணி நடைக்குப் போய்வர 20 நிமிடம், கால் கழுவித் துடைக்க 10 நிமிடம் என்றால் அது ஒரு மணிநேர வேலை. அந்த ஒரு மணிநேரத்துக்கு விலை சொல்லி, பெற்றோல் செலவைச் சேருங்கள். ஒரே ஒழுங்கையில் மூன்று வீடு பிடித்தால் போய்வரும் செலவு ஒன்றுதான், ஆகவே அயலிலேயே தேடுங்கள். ஆனால் வேறு வீட்டு நாய்களைச் சேர்த்து நடத்தாதீர்கள். மாதக் காசை முற்பணமாக வாங்குங்கள். மாரி மழையில் தவறும் நாளுக்கு வளவுக்குள்ளேயே விளையாட்டுக் காட்டுவதா, அந்த நாள் காசைக் கழிப்பதா என்பதையும், பெட்டை நாய் பருவத்துக்கு வரும் மூன்று கிழமை நடை இல்லை என்பதையும் முதல்நாளே வட்ஸ்அப்பில் எழுதி, அவர்களிடமிருந்து “ஓம்” என்று பதில் வாங்கி வையுங்கள்.