படகின் கழிவுத் தொட்டி நாறுகிறதா? மருந்து ஊற்றும் முன் காற்று போகிறதா என்று பாருங்கள்

அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் படகுக் கழிப்பறையின் கழிவைச் சுத்திகரிக்காமல் தண்ணீரில் விடுவது சட்டப்படி குற்றம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடா முழுவதும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அதனால் அங்கே ஓடும் பாய்மரப் படகுகளில் கழிவைச் சேர்த்து வைக்க ஒரு தொட்டி இருக்கும். நிறைந்ததும் மரினாவில், அதாவது படகு நிறுத்தும் துறையில், பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். ஏற்பாடு இவ்வளவுதான். ஆனாலும் பல படகுகளில் படுக்கும் அறை வரைக்கும் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது.

அப்படி வந்ததும் பெரும்பாலோர் செய்வது, கடையில் விற்கும் நீல நிற மருந்தை வாங்கி ஊற்றுவது. நாற்றம் போகாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவது. எல்லாத் தவறுகளுக்கும் இதுதான் தொடக்கம் என்பேன். தொட்டிக்குள் காற்று போனால், ஆக்சிஜனில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும். அதில் நாற்றம் குறைவு. காற்று போகாவிட்டால் வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். முட்டை நாற்றம் அதனுடையதுதான். கடல்நீரில் சல்பேட் அதிகம் என்பதால், கடல்நீரால் ஃப்ளஷ் செய்யும் படகுகளில் இது இன்னும் மோசம். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து நல்லது கெட்டது பார்க்காமல் எல்லா பாக்டீரியாவையும் கொல்லும். மரினாவின் செப்டிக் டேங்குக்குப் போய் அங்கேயும் கெடுதல் செய்யும். ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்றால் நைட்ரேட் வகையைப் போடுங்கள்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது வென்ட் குழாயை. தொட்டியின் மேலிருந்து படகின் பக்கவாட்டுக்குப் போகும் சிறிய குழாய் அது. பல படகுகளில் முக்கால் அங்குலம்கூட இருக்காது. அதையும் வளைத்து நெளித்து, நடுவில் தொங்கவிட்டிருப்பார்கள். தொங்கும் இடத்தில் நீர் தேங்கிவிட்டால் காற்று நின்றுவிடும். மண்குளவி கூடு கட்டி அடைப்பதும் உண்டு. தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் கழிவே அதில் ஏறிக் காய்ந்துபோகும். கழிப்பறைக் கைப்பிடியை அழுத்தவே கனமாக இருந்தாலோ, மரினா பம்ப் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு அப்படியே நின்றாலோ வென்ட்டைச் சந்தேகப்படுங்கள். அடைப்போடு தொடர்ந்து உறிஞ்சினால் தொட்டி உள்நோக்கி நசுங்கி விரிசல் விடலாம். உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கும்போது டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், உள்ள தொட்டி மூடியைத் திறந்தால், முகத்தில் என்ன அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படகைக் கழுவும்போதெல்லாம் தொட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளியிலிருந்து வென்ட் துளைக்குள் தண்ணீர் பீய்ச்சிவிடுங்கள். முடிந்தால் ஒரு அங்குலத்துக்கும் குறையாத, நேரான, குட்டையான குழாயாக மாற்றுங்கள். பணம் செலவழித்தால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் தொட்டியையே குற்றம் சொல்வது அடுத்த தவறு. சில நாள் விட்டுவிட்டு வந்து முதல் ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் நாறினால், தொட்டிக்குச் சம்பந்தமில்லை. உள்ளே வரும் குழாயில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகியிருக்கும். படகை விட்டுப் போகும் முன் அந்தக் குழாயில் நல்ல தண்ணீர் ஓடும்படி செய்தால் போதும். அதற்காகக் குடிநீர் இணைப்பை நேராகக் கழிப்பறையோடு சேர்த்துவிடாதீர்கள். கழிவு குடிநீருக்குள் திரும்பும் ஆபத்து இருக்கிறது. எப்போதும் நாறுகிறது என்றால் கழிவு போகும் ஹோஸைச் சோதியுங்கள். வெந்நீரில் நனைத்த துணியை அதில் சுற்றி, ஆறியதும் மோந்து பாருங்கள். துணி நாறினால் ஹோஸ் ஊறிப்போய்விட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

உறிஞ்சி எடுத்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். அடியில் சேறு தங்கிவிடும். சில வாளி தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை உறிஞ்சுங்கள். ஈரத் துடைப்பான்களின் பாக்கெட்டில் ஃப்ளஷ் செய்யலாம் என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அவை தண்ணீரில் எளிதில் கரைவதில்லை.

கழிப்பறையில் தண்ணீர் திரும்பி ஏறினால் பெரும்பாலும் கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ஜோக்கர் வால்வு தேய்ந்திருக்கும். விலை குறைந்த ரப்பர் துண்டுதான், மாற்றிவிடலாம். அந்த வால்விலும் ஹோஸிலும் கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து படியும் சுண்ணாம்புக்கு, அவ்வப்போது வினிகர் ஊற்றி ஊறவிடுங்கள். ப்ளீச் வேண்டாம். ரப்பரைக் கெடுக்கும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

அப்புறம், தொட்டியின் சோதனை மூடியைத் திறக்க வேண்டி வந்தால் கேபினின் எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள், தனியாகச் செய்யாதீர்கள், தலையை உள்ளே விடவே விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் திடீரென்று நின்றது போல இருந்தால் உடனே டெக்குக்கு ஏறி வந்துவிடுங்கள்.