பொன்முலாம் பூசிய வின்செஸ்டர் விற்பனைக்கு: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் ஏலத்துக்கு வரும்போது, பளபளவென்று வின்செஸ்டர் கம்பெனியின் 94 மாடல் நினைவுப் பதிப்பு ஒன்று அடிக்கடி கண்ணில் படும். ட்ரிகரைச் சுற்றி அடியில் உள்ள லீவரை (நெம்புகோலை) இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயாராகும் ரைஃபிள் இது. வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் பழக ஏற்றது இதன் ‘சென்டெனியல் 66’ என்ற நினைவுப் பதிப்பு. கம்பெனியின் நூற்றாண்டுக்காக 1966-இல் வந்தது. எண்கோணக் குழல், பொன்முலாம் பூசிய ரிசீவர் (துப்பாக்கியின் நடுவில் இயங்கு பாகங்களைத் தாங்கும் உலோக உடல்). 1866-இல் வந்த ‘யெல்லோ பாய்’ ரைஃபிளின் மஞ்சள் நிறத்தை நினைவூட்டத்தான் இந்த முலாம்.

1. எத்தனை செய்தார்கள் என்று பாருங்கள்

சென்டெனியல் 66 ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பத்திரமாக வைக்கச் சொல்லி விற்றார்கள், வாங்கியவர்களும் அப்படியே வைத்துவிட்டார்கள். பிறகு எங்கிருந்து அபூர்வம் வரும்? ஆனால் 1964-இன் வயோமிங் மாநில நினைவுப் பதிப்பு வெறும் 1,500. விற்பவர் ‘அபூர்வம்’ என்றால் முதலில் இந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். முலாமில் உள்ள தங்கத்துக்குத் தனியாக விலை கிடையாது.

2. பெட்டி

அட்டைப்பெட்டி, கையேடு, தொங்கும் அட்டை எல்லாம் இருக்கிறதா? பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் ரிசீவரின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா? வேறு துப்பாக்கியின் பெட்டியில் வைத்து விற்பதும் உண்டு.

3. கையில் எடுத்துப் பாருங்கள்

இங்கே ஒரு தர்மசங்கடம். லீவரை ஒருமுறைகூட அசைக்காத துப்பாக்கிக்குத்தான் நல்ல விலை. சிலர் அசையாதபடி கட்டியே வைத்திருப்பார்கள். ஆனால் எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துத்தான் தொட வேண்டும். குழலை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள், விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். அப்புறம் அனுமதி கேட்டு, லீவரை மெதுவாக இறக்கி சேம்பரையும் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) குழலுக்கு அடியில் உள்ள தோட்டாக் குழாயையும் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் நான் அந்தத் துப்பாக்கியைத் தொடமாட்டேன்.

லீவரை இறக்கும்போது போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) பின்னால் வந்து ஹேமர் (சுடும்போது அடிக்கும் சுத்தி) மேல் உரசும். பலமுறை இயக்கியிருந்தால் அங்கே தேய்ந்த கோடு தெரியும். அடுத்து, ரிசீவரின் வலப்பக்கம் தோட்டா திணிக்கும் சின்னக் கதவு. அதன் ஓரத்தில் முலாம் கீறியிருந்தால், ‘சுட்டதே இல்லை’ என்ற பேச்சைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். தொழிற்சாலையிலேயே சோதனைக்குச் சுடுவார்கள் என்பதால், போல்ட்டின் முன்பக்கத்தில் இருக்கும் லேசான தடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

4. காகித வேலை

அமெரிக்க மத்திய சட்டப்படி 1898-க்குள் செய்ததுதான் ‘ஆன்டிக்’. 1966 அந்தக் கணக்கில் வராது. கடையில் வாங்கினால், வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. விற்பவர் வேறு மாநிலத்தவர் என்றால், பொதுவாக உங்கள் மாநிலத்து உரிமம் பெற்ற வியாபாரி மூலம்தான் கைக்கு வரும். மாநிலச் சட்டம் தனி, அதையும் பாருங்கள்.

5. வீட்டுக்கு வந்தபின்

சுட ஆசையா? சாதாரண 94 ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். இந்த நினைவுப் பதிப்பை மட்டும் பஞ்சு உறையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் பிடித்துத் துரு ஏறும். எடுத்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் விரல் பட்ட இடத்தை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பூட்டி வையுங்கள்.