படகு ஃபைபரில் ஹெல்மெட் ஓடு

காசிமேட்டில் ஃபைபர் படகு போட்டுப் பழகிய கை என்னுடையது. ஹெல்மெட் ஓட்டுக்கும் அதே கண்ணாடிநார்ப் பாய்தான். ஆனால் உச்சந்தலை வளைவில் மடிப்பு விழும். அதனால் கத்தரிக்காமல் கையால் கிழித்துப் போடுங்கள், பிய்ந்த ஓரம் பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும்.

அச்சுக்கு வேக்ஸ், அப்புறம் ஜெல்கோட், அதாவது ஓட்டின் வெளிப்பூச்சு. அது விரலில் பிசுபிசுத்தாலும் ஒட்டி வராத பதத்தில் ரெசின் பசையையும் முதல் பாயையும் போடுங்கள். அடுத்து கண்ணாடிநார் நெசவுத் துணி, 45 டிகிரி திருப்பி. ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே காற்று.

மே வெயிலில் ஒருமுறை ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை 2 சதவீதம் ஊற்றினேன், டப்பாவே புகைந்தது. இப்போது 1 தான்.

ஓடு அடியைப் பரப்பும். தாங்குவது உள்ளே நசுங்கும் தெர்மகோல். டிவி பெட்டியில் வருவது அல்ல, அடர்த்தியானது. சாலையில் போட, ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151 சோதனை தேற வேண்டும். அதுவரை என் ஓடு ஆணியில்தான் தொங்குகிறது.