பழைய ஹோஸ்ட் வீட்டுக்கு, இந்த முறை நான்கு பேராக

பதினேழு வயதில் ரோட்டரி சங்கத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் (எக்ஸ்சேஞ்ச்) ஜெர்மனி போய், ஃப்ரைபுர்க் பக்கத்தில் ஒரு ஹோஸ்ட் தம்பதியின், அதாவது என்னைத் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டவர்களின், வீட்டில் ஒரு வருடம் இருந்தேன். போன மே மாதம் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். அதிலிருந்து யார் என்னிடம் விவரம் கேட்டாலும் விசா, டிக்கெட் என்றுதான் கேட்கிறார்கள். அது சுலபமான பாதி. அன்றைக்கு நம்மைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, நாமும் ஒரு சூட்கேஸோடு இறங்கிய சின்னப் பெண் இல்லை, நான்கு வயிறு. அவர்களுக்குப் பாரமாகாமல் எப்படிப் போவது என்பதுதான் திட்டம் போட வேண்டிய விஷயம்.

முதலில் எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள். "வந்து பார்த்துக்கலாம்" என்பதெல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது. இன்ன தேதி இன்ன மணிக்கு வருகிறோம், இத்தனை இரவு தங்குகிறோம், இன்ன தேதி கிளம்புகிறோம் என்று நான்கு மாதம் முன்பே எழுதுங்கள், அவர்கள் சுவர் காலண்டரில் குறித்து வைத்துவிடுவார்கள். என் கணக்கு, அவர்கள் வீட்டில் மூன்று இரவு, அதன்பின் பக்கத்து ஊரில் ஃபேரியன்வோனுங், அதாவது சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் வீடு. ஃப்ரைபுர்க்கை ஒட்டிய கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைப்பகுதியின் பல ஊர்களில் இப்படித் தங்கினால் கோனுஸ் என்று ஒரு விருந்தினர் அட்டை தருவார்கள், அதைக் காட்டினால் பஸ், உள்ளூர் ரயில் எல்லாம் இலவசம். தினமும் போய் அவர்களைப் பார்க்கலாம், ராத்திரி அவரவர் வீட்டில் தூங்கலாம்.

விசா பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாதான், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசியாகப் பதினைந்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். "உங்க ஹோஸ்ட்டை ஸ்பான்சர் பண்ணச் சொல்லுங்க" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங் என்று வாயில் நுழையாத ஒரு பத்திரம் அது. அவர்கள் அயல்நாட்டினர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து தங்கள் வருமானத்தைக் காட்டி, உங்கள் செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வூதியத்தில் இருப்பவர்களிடம் கேட்கிற காரியமா இது? உங்கள் வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, லீவு கடிதம் எல்லாம் ஒழுங்காக இருந்தால் சாதாரண அழைப்புக் கடிதமே போதும்.

பெட்டி கட்டும்போது அம்மா நெய் பாட்டிலை எடுத்து வருவார், அன்போடு மறுத்துவிடுங்கள். வெளியிலிருந்து வருபவர்கள் பால் பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. மாம்பழத்துக்கும் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. முறுக்கு, கடலைமிட்டாய், சாம்பார் பொடி போதும். விலையுயர்ந்த பரிசு கொடுத்தால் சங்கடப்படுவார்கள். நான் அந்த வருடத்துப் போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன், முதல் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அதுதான் பேச்சு.

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஃப்ரைபுர்க் சுமார் இரண்டு மணி நேரம். நாங்கள் செய்த தப்பு இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் வீட்டில் காபி, கேக் என்று முடிவாகியிருந்தது. நேரம் இருக்கிறதே என்று ஊருக்குள் நடந்தோம். ஃப்ரைபுர்க் தெருக்களில் பெக்லே என்று முழங்கை அகலத்துக்குக் கால்வாய்கள் ஓடும், அதில் பிள்ளைகள் கயிறு கட்டிய மரப்படகு விடுவார்கள். (தெரியாமல் அதில் கால் வைத்தால் ஃப்ரைபுர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வீர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அந்த வருடத்தில் மூன்று தடவை வைத்தேன், கட்டிக்கொண்டது மதுரைக்காரரை.) சின்னவன் படகை விட்டு வரமாட்டேன் என்றான். ஐந்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தால் கேட்டருகே வீட்டுக்காரர் நிற்கிறார், உள்ளே ஆறு தட்டு, வெட்டாத கேக். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்து நிமிடம் தாமதமானாலும் மெசேஜ் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் போகுமுன் பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்லிக்கொடுங்கள். குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக வழி இருக்காது, ஷவர் தடுப்புக்குள்ளேயே குளித்துவிட்டு, கண்ணாடியில் வழியும் தண்ணீரை அங்கே மாட்டியிருக்கும் வைப்பரால் இழுத்துவிட வேண்டும். ஒரு சின்ன மக் கொண்டுபோங்கள், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பெரியவர்களுக்கு ஒன்று, அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாம் தடவை வற்புறுத்த மாட்டார்கள். என் கணவர் முதல் நாள் காலை மரியாதைக்கு "நோ, நோ" என்று சொல்லிவிட்டு, காபி இல்லாமல் பத்து மணி வரை முழித்துக்கொண்டிருந்தார்.

ஹோஸ்ட் தம்பதியைக் கணவரும் பிள்ளைகளும் எப்படிக் கூப்பிடுவது என்று குழப்பம் வரும். நான் அந்தக் காலத்திலிருந்தே இருவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், ஊரில் என் மாமியார் கேட்டால் மயங்கிவிடுவார். பிள்ளைகள் ஓமா, ஓபா என்றார்கள், பாட்டி தாத்தா என்று அர்த்தம். கூப்பிடலாமா என்று முதலில் கேட்டேன். ஓமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

ஒரு வேளையாவது நீங்கள் சமைத்துப் போடுங்கள், ஆனால் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், மே மாதத்தில் சில வியாழன்களிலும் விடுமுறை வரும், அதனால் முன்பே வாங்கிவிடுங்கள். இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் நம் அலுமினியச் சட்டி சூடாகாது. தாளிக்கும் முன் ஜன்னலைத் திறங்கள், புகை அலாரம் கத்தினால் ஓபா ஏணி எடுக்கப் போய்விடுவார். எலுமிச்சை சாதம், மிளகாய் குறைத்த உருளைக்கிழங்கு வறுவல், ரசம், இது போதும். ரசத்தை சூப் மாதிரி ஸ்பூனால் குடித்தார்கள், நான் திருத்தவில்லை.

கிளம்பும் காலையில் படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை உருவி மடித்து, எங்கே வைக்கட்டும் என்று கேளுங்கள். ஓமா வழிக்கு ரொட்டியில் சீஸ் வைத்துக் கட்டிக் கொடுப்பார், அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.